அவ்வளவு பெரிய கூட்டத்தில் நான் யாரிடம் பேசுவேன்?

கேள்வி:

மேடம், நான் பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு இங்கே ஒரு பள்ளியில் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். எங்கள் பள்ளியில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தூக்கத்தையும் தேர்வுப் பயத்தையும் பற்றி ஒரு சின்ன ஆய்வு செய்தேன். ஓசூர் ரோட்டில் நடக்கப்போகும் தேசிய அளவிலான உளவியல் மாநாட்டில் அதைப் பெரிய தாளில் சுருக்கமாக அச்சடித்துப் போஸ்டராக வைத்து விளக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மெயில் வந்த அன்றைக்குச் சந்தோஷம். மறுநாளிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. ஆயிரக்கணக்கில் வருவார்களாம், எல்லாரும் பெரிய இடத்தில் படித்தவர்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேசும்போது தடுமாறும். சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு தனியாக நிற்பதை நினைத்தால் இப்போதே கை வியர்க்கிறது. பிள்ளைகளுக்கு மேடைப் பயம் போக வழி சொல்கிறவளே இப்படி இருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

போஸ்டரில் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளின் படமும் பள்ளியின் பெயரும் பெரிதாக வரவேண்டும் என்கிறார் பிரின்சிபால். முந்தின நாள் சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) பயிலரங்கு ஒன்று இருக்கிறது, சர்டிஃபிகேட் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். எல்லாம் சேர்த்தால் என் சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். இரண்டரை வயதுக் குழந்தையை மூன்று நாளும் மாமியாரிடம் விடவேண்டும். "மூணு நாள் அப்படி என்னம்மா பேசுவாங்க, அது என்ன கல்யாண வீடா?" என்கிறார். நான் போகலாமா, வேண்டாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போங்கள். ஆனால் மூன்று நாளும் வேண்டாம்.

உங்கள் மாமியார் கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரிதான். கல்யாண வீட்டுக்கு ஆயிரம் பேர் வந்தாலும் நாம் தேடிப் போவது நாலு பேரை. அந்த நாலு பேர் யாரென்று தெரியாமல் போனால்தான் பந்தியில் பேச ஆளில்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் கலக்கத்தில் பெரும்பங்கு இங்கிலீஷால் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதே இன்னும் பிடிபடவில்லை. ஆயிரக்கணக்கான பேர், பெரிய இடம், பெரிய படிப்பு என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். 'என் ஆய்வில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை, அதை யாரிடமாவது கேட்க வேண்டும்' என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி கையில் இருந்தால் எவ்வளவு பெரிய மாநாடும் உங்கள் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அந்த வரியை நானே எழுதிப் பார்க்கிறேன். பரீட்சையை நினைத்துப் பயப்படுவதால் பிள்ளைக்குத் தூக்கம் போகிறதா, தூக்கம் குறைவதால் பயம் ஏறுகிறதா? நீங்கள் ஒரே தடவை கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் தூக்கம் குறைந்த பிள்ளைகளுக்குப் பயமும் அதிகம் என்பதைத்தான் அதனால் காட்ட முடியும். எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதே தூக்கத்தை ஆராய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது. போதாததற்குப் பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் கண் சொருகாது, ஆனால் பள்ளி வேன் விடியற்காலையில் வந்து ஹார்ன் அடிக்கும். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. உங்கள் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள், டியூஷன் எத்தனை மணிக்கு விடுகிறது, ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதையெல்லாம் கேட்டு வைத்திருந்தால் உங்கள் போஸ்டரின் பலம் அங்கேதான் இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, டி.வி. அணைந்த பிறகுதான் பிள்ளைக்குப் பாய் விரிக்க இடம் கிடைக்கும். வெளியூரிலிருந்து வருகிற பேராசிரியருக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

போஸ்டரைப் பார்க்க வருகிறவர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்: எது காரணம், எது விளைவு? அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், "இது ஒரே முறை எடுத்த சர்வே, காரணத்தை இதை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்து இதே பிள்ளைகளைத் தேர்வுக்கு முன்னாலும் பின்னாலும் பார்க்கலாம் என்றிருக்கிறேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். தன் ஆய்வின் எல்லையைத் தானே சொல்கிறவரிடம் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. பக்கத்தில் வந்து நின்று யோசனை சொல்வார்கள்.

இனி அந்த நாலு பேரைத் தேடும் வேலை. மாநாட்டுக்குச் சில நாள் முன்னால் நிகழ்ச்சி நிரல் பி.டி.எஃப்.பாக வரும். ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். தூக்கம், வளரிளம் பருவம், பள்ளி, தேர்வு ஆகிய சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். வருகிற பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் மேடையில் முக்கிய உரை ஆற்றுகிறவரைத் துரத்த வேண்டாம். உரை முடிந்து இறங்கினால் அவரைச் சுற்றிப் பழைய மாணவர்களும் செல்ஃபிக்காரர்களும் நிற்பார்கள். உங்களுக்கு அரை நிமிஷம் கிடைத்தாலும் மனசில் எதுவும் நிற்காது. அவருடைய ஆய்வு மாணவர் எங்கேயாவது ஒரு போஸ்டருக்குப் பக்கத்தில் கால் வலிக்க நின்றுகொண்டிருப்பார். பள்ளிக்கூடங்களுக்குப் போய் அனுமதி வாங்கியது, கேள்வித்தாளை மொழிபெயர்த்தது, ஆய்வின் பாதியில் நழுவிப்போன பிள்ளைகளைத் தேடிப் பிடித்தது எல்லாம் அவர்தான். அவரிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். மேடையில் சொல்லாத தொல்லைகளையும் சொல்வார்.

யார் பேசினாலும் நாலு விஷயத்தைக் கவனியுங்கள்: எத்தனை பேரிடம் கேட்டார்கள், அவர்களை எப்படிப் பிடித்தார்கள், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, எந்த மொழியில் கேட்டார்கள். உளவியலில் மேடைக் கைதட்டலை நம்பி எதையும் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. 2015-இல் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் கூடி, மதிப்புள்ள உளவியல் இதழ்களில் வந்திருந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 'பொருட்படுத்தத்தக்க முடிவு', அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு, என்று அறிவித்தவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. ஆய்வுகளெல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்று அர்த்தம்.

வயிற்றுக் கலக்கத்துக்கு வருகிறேன். கவுன்சிலருக்குப் பயம் வரக் கூடாதென்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை, வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு, அதாவது நாலு பேர் முன்னால் வரும் இந்தப் பயத்துக்கு, கொடுத்த விளக்கத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். பதற்றம் வந்தால் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று நம்மையே வேவு பார்க்கிறோம். மறைத்துக்கொள்ளச் சில தற்காப்புகளையும் செய்கிறோம். மாநாட்டில் அந்தத் தற்காப்பின் பெயர் செல்போன். தட்டோடு ஓரமாக நின்று வராத மெசேஜைத் தேடிக்கொண்டிருக்கிறவரிடம் எவரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, தேநீர் வரிசையில் முன்னால் நிற்பவரின் கழுத்து அட்டையைப் படித்து, "உங்க போஸ்டர் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அங்கே யாருக்கும் சலிக்காத கேள்வி அது ஒன்றுதான்.

எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள் என்பதும் அவ்வளவு நிஜமில்லை. தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த முகத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டைக்காரர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிதான். உங்கள் இங்கிலீஷ் தடுமாறினாலும் இதே கணக்குதான். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மீதி வந்துவிடும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள். பாதி நேரம் கேட்டவருக்கே தன் கேள்வி சரியாகப் புரிந்திருக்காது. சென்னை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கும் தமிழ் காதில் விழுந்து பழக்கம்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வந்து உட்கார்கிற குடும்பங்கள் கொஞ்சமா?

தமிழ் இப்படி எல்லாருக்கும் புரிவதில் ஒரு ஆபத்தும் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்த இடத்துக்கு அது கொண்டுபோகிறது.

சில வருடங்களுக்கு முன் இந்த ஊரில் ஒரு கருத்தரங்கு. மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர், நல்ல படிப்பாளிகள். ஒருவர் தன்னிடம் வரும் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே பிசிபேளேபாத் வாங்கினார். எந்தப் பகுதி, அப்பாவுக்கு என்ன தொழில், அவள் மாத்திரை விழுங்கியது எந்தப் பண்டிகைக்கு மறுநாள், எல்லாம் சொன்னார். சுற்றி இருப்பவர்கள் கன்னடமும் இங்கிலீஷும் பேசுகிறார்கள், தமிழ் என்றால் ரகசியம் என்று நினைப்பு. தயிர்சாதம் போட்டுக்கொண்டிருந்த கேட்டரிங் தம்பி கரண்டியை நிறுத்திவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டான்: "இப்ப அந்தப் பொண்ணு நல்லா இருக்காங்களா மேடம்?" அவர் முகம் போன போக்கை என்னால் விவரிக்க முடியாது. பெங்களூரில் ஆட்டோ ஓட்டுகிறவர், லிஃப்டில் நிற்கிற நர்ஸ், பதிவு மேசையில் பை கொடுக்கும் மாணவி என்று யாருக்கும் தமிழ் புரியலாம். சாப்பாட்டு மேசையில் கேஸ் பேசாதீர்கள். பேசத்தான் வேண்டும் என்றால் தனி இடம் பாருங்கள், அடையாளம் தரும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

போஸ்டர் படமும் இதே கதைதான். யூனிஃபார்மைப் பார்த்தாலே எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். தலைப்பில் 'தேர்வுப் பயம்' என்று இருக்கும், கீழே அந்தப் பிள்ளைகளின் முகம் இருக்கும். பார்க்கிறவர்கள் போனில் படம் எடுப்பார்கள், அன்றைக்கே நாலு வாட்ஸப் குழுவுக்குப் போகும். சிகிச்சைக்கு வருகிறவரின் தகவலைக் காப்பது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் உரிமை. பள்ளி கவுன்சிலிங் அதற்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். உங்களை நம்பி வாய் திறந்த பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வாதம் தேவையில்லை. படம் வேண்டாம், பள்ளிப் பெயரும் வேண்டாம். 'பெங்களூரில் உள்ள ஒரு பள்ளி' என்றால் போதும். 'முஸ்லிம் மாணவிகள், 2 பேர்' என்கிற மாதிரி மிகச் சிறிய எண்ணிக்கை வரும் வரிசைகள் அட்டவணையில் இருந்தால் அவற்றையும் சேர்த்து ஒன்றாக்குங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பார்த்தால் அந்த இரண்டு பேர் யாரென்று சொல்லிவிடுவார். பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? அதில் ஆய்வுக்குத்தான் சம்மதம், விளம்பரத்துக்கு இல்லை என்று பிரின்சிபாலிடம் பணிவாகச் சொல்லுங்கள். பள்ளிக்கு நன்றி சொல்ல ஆசை என்றால் பிரின்சிபாலுக்குத் தனிக் கடிதம் எழுதிக் கொடுக்கலாம்.

போஸ்டர் அச்சடிப்பது சின்ன விஷயம். அளவும், நிற்கும் வாக்கா படுக்கும் வாக்கா என்பதும் அனுமதி மெயிலிலேயே இருக்கும்; கடைக்காரரிடம் போகும் முன் இன்னொரு தடவை பாருங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், மண்டப விளக்கில் கண் கூசும். துணியில் அடித்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். ஆறடி தள்ளி நின்றால் தலைப்பும் முக்கிய முடிவும் தெரிய வேண்டும். ஆய்வேட்டை அப்படியே ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். இருபக்க ஒட்டு டேப் நீங்களே கொண்டுபோங்கள். அங்கே அது எப்போதும் தீர்ந்துபோயிருக்கும்.

பயிலரங்கு இந்த முறை வேண்டாம். சி.பி.டி. படிக்கத் தகுந்த விஷயம்தான், ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து வாங்கும் சர்டிஃபிகேட் யாரையும் தெரபிஸ்ட் ஆக்காது. 'சி.ஆர்.இ. புள்ளி உண்டு' என்று நோட்டீசில் போட்டிருப்பார்கள். அது 1992 சட்டப்படி ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் தங்கள் பதிவைப் புதுப்பிக்கத் தேவைப்படும் புள்ளி. எம்.எஸ்சி. மட்டும் முடித்துப் பள்ளியில் இருக்கும் உங்களுக்கு அதனால் இப்போது பயனில்லை. அந்தப் பணத்தில், உங்கள் கேஸ்களைக் கேட்டு வழிகாட்ட மூத்த உளவியலாளர் ஒருவரை மாதம் ஒரு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டால் பிள்ளைகளுக்கு நல்லது.

ஸ்டால்கள் பக்கமும் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போங்கள். உளவியல் சோதனைத் தொகுப்பு விற்பவர்களிடம், இது எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து, எந்த மொழியில், எந்த வருடம் தரப்படுத்தியது என்று கேளுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். விரல்ரேகையைப் பார்த்துப் பிள்ளையின் அறிவுத்திறனைச் சொல்வதாக டி.எம்.ஐ.டி. நோட்டீசை எவராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது. பெங்களூர்ப் பள்ளிகளில் பெற்றோர் அதற்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஓய்வு நேரம் கிடைத்தால், முன்கூட்டி விசாரித்துக்கொண்டு நிம்ஹான்ஸின் மூளை அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடிக்குள் வரிசையாக மூளைகள், விளக்கிச் சொல்ல ஆள் இருப்பார்கள், நிஜ மூளையைக் கையில் வாங்கியும் பார்க்கலாம். பத்து உரை கேட்பதைவிட எனக்கு அது பிடிக்கும். நம் துறைக்கு இந்தப் பக்கத்தில் வேர் ஆழம். கல்கத்தாவில் 1916-இல் தொடங்கிய உளவியல் துறைக்கு அடுத்து நாட்டில் இரண்டாவதாக வந்தது மைசூர்ப் பல்கலைக்கழகத்தில், 1924-இல். அதை நடத்திய எம்.வி. கோபாலஸ்வாமி வீட்டில் சும்மா இருக்க முடியாமல் 1935-இல் ஒரு வானொலி நிலையமும் ஆரம்பித்தார், அதற்குப் பெயர் ஆகாசவாணி.

நாட்களைப் பற்றி. முதல் நாள் காலை குத்துவிளக்கு, பூங்கொத்து, மலர் வெளியீடு என்று போய்விடும். டெய்ரி சர்க்கிள் நெரிசலில் அதற்காக அடித்துப் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். கடைசி நாள் மதியத்துக்கு மேல் பாதி நாற்காலி காலி, எல்லாரும் ரயிலைப் பிடிக்கப் போயிருப்பார்கள். உங்கள் போஸ்டர் வைக்கும் நாள் முழுக்க இருங்கள். கூட, நீங்கள் குறித்துவைத்த பெயர்கள் பேசும் நாளில் அரை நாள். சர்டிஃபிகேட்டை மெயிலில் அனுப்புவார்களா, நேரில் வாங்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அந்த ஒரு காகிதத்துக்காகக் கடைசி நாள் மாலைவரை உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

பணத்துக்கு, முன்பதிவுச் சலுகைத் தேதி தாண்டுவதற்குள் கட்டிவிடுங்கள். அன்றைக்கே போய்க் கட்டுவது எப்போதும் அதிகம். மாநாட்டுச் செயலருக்கு, 'பள்ளிக் கவுன்சிலர், சம்பளம் இவ்வளவு, மாணவர் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா, ஏதாவது பொறுப்புக் கொடுத்தால் தன்னார்வலராகவும் வருகிறேன்' என்று நாலு வரி மெயில் போடுங்கள். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்டால் சில இடத்தில் கிடைக்கும். பிரின்சிபாலிடம் படத்துக்கு முடியாது என்று சொல்லும் அதே பேச்சில், இரண்டு நாளுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுக் கொடுக்கச் சொல்லியும் கேட்டுவிடுங்கள்.

குழந்தையைப் பொறுத்தவரை ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மாமியார் வருகிறார், பிரின்சிபால் வருகிறார், உங்கள் கணவர் எங்கேயும் வரவில்லை. போஸ்டர் நாளன்று அவர் லீவு போட்டால் என்ன?